இடது தண்டில் 1187

காங்கேசன்துறையில், உப்புக்காற்று அறையும் வளவில்
சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள்,
விட்டால் ஓடிவிடும் என்பதுபோல.
பலகை சொல்கிறது:
லீட்ஸ் நகரில் கட்டியது, ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டு,
மலைநாட்டில் தேயிலை இழுத்தது.
பலகைக்கு வயது நாலு.

தொழில்நுட்பக் கல்லூரியில் வரைபடம் படிப்பிக்கிறேன்.
அளக்கத் தெரிந்தவள் என்று அனுப்பினார்கள்.

மண்ணெண்ணெய், கம்பித் தூரிகை, கிழிந்த சாரத் துண்டு.
முதல் நாள் நீலம் உரிந்தது. நீலத்தின் கீழ் பச்சை.
பச்சையின் கீழ் இன்னொரு பச்சை.
அது எந்தப் பச்சை என்று
இங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை.
அதற்கும் கீழே கறுப்பு,
கறுப்புக்குள் உளி குத்திய நான்கு இலக்கம்:
1187.
மற்றப் பக்கம் போய் வலது தண்டைத் துடைத்தேன்.
1192.

"ரெண்டைக் கழட்டி ஒண்டாக்கியிருக்கிறாங்கள்" என்றான்
லேத் பட்டறை அமலதாஸ்.
தன்ரை வானும் அப்படித்தானாம்.

அச்சின் நடுவே ஒரு வெட்டு, பிறகு ஒரு ஒட்டு.
சில்லுக்கும் சில்லுக்கும் இடையில் இப்போது இரண்டடி.
வெட்டுமுன் இரண்டரை.
கல் அகழியின் ஒடுங்கிய தண்டவாளத்துக்காக
யாரோ ஒருவன் ஆறங்குலம் எடுத்திருக்கிறான்.
அவனுடைய ஒட்டு விளைமீன் செதில்,
ஒன்றின் தோளில் ஒன்று.
எந்த ஏட்டிலும் அவன் இல்லை.

கொதிகலன் பக்கத்துப் பித்தளைத் தகட்டில்
ஆங்கில எழுத்தொன்று இடம்வலம் மாறிக் கிடக்கிறது.
அச்சுமணலில் அதை வைத்த கை
ஆங்கிலம் வாசிக்காத கை.
பின்புறம் தடவினேன்:
குத்துவிளக்கின் அடிப்பாகத்தில் இருக்குமே, அதே சொரசொரப்பு.

இங்கிலாந்துக்கு எழுதினேன்.
மூன்று மாதம் கழித்து ஒரு கனவான் பதில் போட்டார்.
1187: கரும்புத் தோட்டமொன்றுக்காகக் கட்டப்பட்டது,
பணம் வராததால் கப்பல் ஏறவில்லை.
1192: கொழும்புக்கு அனுப்பப்பட்டது,
1931இல் உடைத்து விற்கப்பட்டது.
ஆகவே, அம்மணி, நீங்கள் குறிப்பிடும் எஞ்சின்
இருக்க வாய்ப்பில்லை.

வாசித்துவிட்டு அதன் படியில் குந்தினேன்.
வெயிலில் காய்ந்த இரும்பு.
சுட்டது.

என்னிடமும் ஒரு தாள் உண்டு.
பிறந்த இடம்: சாவகச்சேரி ஆஸ்பத்திரி.
அம்மாவைக் கேட்டால் நாவற்குழிப் பாலம் என்பாள்,
இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தெரியாது,
இருட்டு, மழை, ஊர் முழுக்க றோட்டில்,
ஆரோ ஒரு மனிசன் டிராக்டர் பெட்டியிலை இடம் விட்டவர்.
பதிவாளரின் கட்டத்துக்குள்
பாலம் அடங்கவில்லை.

கூட்டத்தில் தலைவர் சிவகடாட்சம் விரலால் மேசையைத் தட்டினார்:
"பிள்ளை, வெளிநாட்டுச் சங்கம் பெயின்ற்றுக்குக் காசு தாறது
லீட்ஸ் எண்டபடியால்தான். இப்ப நாங்கள் என்னத்தை எழுதிறது?"
நான் யோசிக்கவில்லை.
"முதல்லை தேயிலையை அழியுங்கோ" என்றேன்.

அழித்தார்கள்.
பலகையில் இப்போது ஒரு வரி வெள்ளையாய் இருக்கிறது.
போகிற வருகிற பெடியள் அதில் காதலியின் பெயர் எழுதுகிறார்கள்.

நேற்று அமலதாஸ் ஊதுகுழலைக் கழற்றித் தந்தான்.
வீட்டுக் கிணற்றடியில் வைத்துப் பழப்புளியால் தேய்த்தேன்.
கழுத்தின் உள்ளே மூன்றாவது எண்.
நாலும் பூச்சியமும் தெரிகின்றன.
மிச்சம் களிம்பு.

இன்னும் கொஞ்சம் புளி வேண்டும்.