நாலு வட்டம்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு
கொழுந்து நிறுக்கும் கொட்டகைச் சுவரில்
அறிவிப்பு ஒட்டப்பட்டது.

சேரம்பாடிப் பக்கம் அன்றைக்கு மழை
விழவுமில்லை விடவுமில்லை,
காற்றில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.
மைதாப் பசை காயாமல்
தாளின் கீழ்முனை சுருண்டது.

"யானை நடமாட்டம் அதிகரித்திருப்பதாலும்
தொழிலாளர் நலன் கருதியும்
மேல் லயன் வீடுகள் பதினான்கும்
காலி செய்யப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.
மின் இணைப்பு துண்டிக்கப்படும்.
ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது."

நல்ல தமிழ். ஒரு பிழை கிடையாது.
படித்தவர்கள் 'யானைக்காகத்தானே' என்றார்கள்,
தராசுக்கு வரிசை கட்டினார்கள்.

யோகராணி வரிசையை விட்டு வந்தாள்.
எடை குறிக்கும் மேஜையிலிருந்து
கேட்காமலே சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.
ஒரு தரம் உதடசையப் படித்தாள்.
மறுதரம் கீழிருந்து மேலாக,
கொழுந்தில் முற்றல் பொறுக்குகிற மாதிரி.
பிறகு வட்டம் போட்டாள்.
செய்யப்பட.
பட்டுள்ளது.
படும்.
படுகிறது.

"இந்தத் தாள்ல ஒரு ஆள்கூட இல்லையே.
முடிவெடுத்தவர் இல்ல, கரண்ட வெட்றவர் இல்ல,
எதிர்பார்க்கிறவரும் இல்ல.
யானை ஒண்ணுதான் காலோட நடக்குது.
பாக்கி எல்லாம் தானா நடக்குது.
படுறது மட்டும் நாங்க."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
"பலா பழுத்தா யானை வரும். போன வருஷம்
கீழ் லயன்லதான் சுவரை இடிச்சது.
அங்க ஏன் தாள் ஒட்டல?"

அப்போதுதான் டீக்கடைக்காரருக்கு ஞாபகம் வந்தது:
மாசியில் வெள்ளை ஜீப்பில் இரண்டு பேர்,
மேல் லயன் மேட்டில், கையில் அளவு நாடா.
"யானையையா அளந்தாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பெனடிக்ட் மனு எழுதினான்.
'நாங்கள் அனைவரும் ஒருமித்த குரலில்' என்று ஆரம்பித்து
'சொகுசு விடுதி கட்டும் சதி' வரை
மூச்சுவிடாமல் இரண்டு பக்கம்.
கைதட்டினார்கள்.
அதே சிவப்புப் பென்சில் வந்தது.

"அனைவரும்னு போடாத.
ஏழாம் வீட்டுக்காரங்க திருப்பூர் போறதுக்கு
மூட்டை கட்டிட்டாங்க. பதிமூணு வீடுன்னு போடு.
விடுதி கட்றதைப் பாத்தியா?
அளந்ததைத்தான் பாத்தோம். அளந்ததை எழுது."

"நம்ம மனுவையே இப்படிக் குத்துனா எப்படிக்கா?"

"அவங்க எழுதினதை எப்படிப் படிச்சேனோ
அப்படித்தான் இதையும் அவங்க படிப்பாங்க."

பெனடிக்டுக்குக் கோபம். தாளைக் கிழித்தான்.
ராத்திரியே வேறு தாள் வாங்கினான்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தது அரைப் பக்கம்.
பதிமூன்று கையெழுத்து. சிலது ரேகை.
யார் தீர்மானித்தார்? எந்தத் தேதியில்?
கீழ் லயனுக்கு யானை வராதா?
மாசி மாதம் அளந்தது யார், எதற்கு?
மேனேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி படித்தார்.
"'பரிசீலிக்கப்படும்'னு ஒரு வரி போட்டு அனுப்பு."

அந்த இடத்தில் என் விரல் நின்றது
என்று எழுத எனக்கு ஆசை.
நிற்கவில்லை.
பதினைந்து வருடப் பழக்கம்,
ஆளை ஒளித்து வைப்பது என் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு.

மேல் லயனில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது.
நாளைக்குத் தெரியாது.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள்.
கையில் பென்சில் இருந்தால்
இந்தக் கவிதையின் மூன்றாவது வரிக்குப் போங்கள்,
அங்கேயும் ஒரு வட்டம் பாக்கி இருக்கிறது.

டைப் அடித்தது நான்.
ஒட்டியதும் நான்.
மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது
பசை இன்னும் விரலில் இருந்தது.