மீட்டர் ஓடாத வீடு

டூசான் நகரம், ஒக்கோத்தியோ தெரு,
பதினேழாம் எண் வீட்டில் மீட்டர் கெட்டிருக்கிறது,
போய்ப் பார் என்று
அலுவலகம் சீட்டுக் கொடுத்தது.
கெட்டுத்தான் இருக்க வேண்டும்.
ஐந்து பேர் வசிக்கும் வீடு,
ஜூன் மாதம்,
நிழலிலேயே நாற்பத்து மூன்று டிகிரி,
எண் மட்டும் நோயாளி சாப்பிட்ட மாதிரி
துளித் துளியாக ஏறியிருக்கிறது.

இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கினேன்.
உள்ளே வழக்கம்போல ஒரு கறுப்புச் சிலந்தி.
இந்த இனத்தோடு எனக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம்:
முதலில் குச்சி, பிறகுதான் கை.
முள் சரியாகத்தான் இருந்தது.
ஓட வேலை இல்லாமல்
சும்மா இருந்தது.

ஒஃபீலியா புஸ்தமாந்தே
இரவுப் பணி முடிந்த செவிலி உடுப்போடு
கதவைத் திறந்தாள்.
திருட்டுக் குழாய் தேடுகிறாயா, தேடு என்றாள்.
தேடினேன்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் முதுகிலிருந்து
ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியேறி
மாதுளைக்குப் போனது.
பாதி வழியில் கிளைத்து அத்திக்கும்.
பிள்ளைகளின் முழங்கால் மண்,
காலர் வியர்வை,
உப்புச் சேராத சோப்பு.
அந்தச் சோப்புக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன் என்றாள்.
அதைச் சொல்லும்போது மட்டும்
தூக்கம் கலைந்த முகம்.

பாத்தி ஒன்றுகூட மேடாக இல்லை.
எல்லாம் பள்ளம்.
மழை ஊர்களில் செடியை உயரத்தில் வைப்பார்கள்,
அழுகிவிடக் கூடாதே என்று;
இங்கே இறக்கி வைக்கிறோம்,
ஓடுகிற தண்ணீர் கால் தடுக்கி
இதில் விழட்டும் என்று.

பூசணிக் கொடி நடுவே
கழுத்துவரை புதைத்த மண்குடம்.
மெருகு பூசாதது, ஆகையால் கசிவது.
வேரெல்லாம் வந்து
குடத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் என்றாள்.
தோண்டிக் காட்டவில்லை.
நம்பினேன்.

மூலையில் மெஸ்கீட் மரம்.
சீமைக் கருவேலம் என்று பேர் வைத்து
இதன் பங்காளியை
வேரோடு பிடுங்குகிற ஊர்கள் எங்கோ உண்டு.
இது பிறந்த வீட்டில் நிற்கிறது,
யாரிடமும் ஏச்சு வாங்காமல்.
காயை உலர்த்தி அரைத்து ரொட்டி சுட்டிருந்தாள்.
ஒன்று கொடுத்தாள்.
இனிப்பு, அடியில் கொஞ்சம் புகை.

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பவர்களைத் தெரியும்.
மலையடிவாரத்தில் இருக்கிறார்கள்,
அவர்கள் வீட்டு முள் காற்றாடி.
தண்ணீரைப் பணமாய்ச் செலவழிப்பவளை
இன்றுதான் பார்க்கிறேன்:
எண்ணி,
மறுபடி எண்ணி,
மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு.

சீட்டில் "பழுது இல்லை" என்று எழுதினேன்.
காரணம் என்றொரு கட்டம் இருந்தது.
மாதுளை என்று எழுதி அடித்தேன்.
"விசாரிக்கப்பட்டது" என்று போட்டேன்.

மாலையில் என் வீட்டுக் கொல்லை.
நீச்சல் குளம்.
மகன் போர்ட்லாந்துக்குப் போனபிறகு
தும்பிகள் மட்டும் இறங்குகிற குளம்.
தினம் ஒரு விரற்கடை வானத்துக்குப் போகும்,
தினம் ஒரு விரற்கடையை
வால்வு தானே நிரப்பும்.
ஊரார் மீட்டரெல்லாம் படித்தவன்
என் மூடியை ஒருநாளும் தூக்கியதில்லை.

தூக்கினேன். குச்சி, பிறகு கை.
ஆள் குழாய் திறக்காத வீட்டில்
முள் ஓடிக்கொண்டிருந்தது.

வால்வை மூடினேன்.
தெற்கே வானம் சற்று அடர்ந்திருந்தது.
ஜூலை மழையின் முன்னோட்டமாக இருக்கலாம்,
வெறும் புழுதியாகவும் இருக்கலாம்.
சட்டைப்பையில் பாதி ரொட்டி நொறுங்கிக் கிடந்தது.
தின்றுகொண்டே
குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்:
பள்ளம் ஏற்கெனவே இருக்கிறது.
ஆழம் எட்டடி.
பூசணிக்கு
அவ்வளவு வேண்டியதில்லை.