தாழ்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில்
பிழை பார்ப்பது என் வேலை.
ஒன்பது கோயில் பெயரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இலுப்பைக்குடிக்கு ஓர் ஒற்று விட்டுப்போனால்
மூவாயிரம் பத்திரிகையும் திரும்பி வரும்,
ஒரு காரில், நாலு பேரோடு.

இந்த ஊரில் புள்ளி என்றால் ஒரு குடும்பம்.
தாலி கட்டினால் ஒரு புள்ளி. கோயில் கணக்கில் ஏறும், வரி உண்டு.
எங்களுக்கு அந்தக் கணக்கு இல்லை.
கோட்டையூரில் வாடகை வீடு, சேவுகனுக்கு லோடு வண்டி.
எனக்குத் தெரிந்த புள்ளி
எழுத்தின் தலையில் இருப்பது.

நாயகி பிறந்த நாற்பத்தொன்றாம் நாள்
மூச்சு வாங்கியது. ஈரத்துணியில் எறும்பு.
சர்க்கரை ஐந்நூற்றுச் சொச்சம்.
“பச்சப்புள்ளைக்கா?”
வார்டே கேட்டது.

அரை யூனிட். சில நாள் கால்.
என் இரண்டு விரல் அகலத் தொடையில்
நேற்றுக் குத்தாத இடம் தேடுவேன்,
இரவு இரண்டுக்கு, பிறகு ஐந்துக்கு.
சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள்.

எங்க வழியில் யாருக்கும் கிடையாது என்றார் மாமனார்.
எங்க வழியிலும்தான் என்றாள் அம்மா, போனில்.
சேவுகன் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு அதுதான் கேட்டது.

மதுரையில் ஜெசிந்தா டாக்டர் மூன்று குழாய் எடுத்தார்:
பிள்ளைக்கு, எனக்கு, அவனுக்கு.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
பல்லவனில் சென்னை போனான்.
ஜன்னல் சீட்டை வேண்டாமென்று விட்டுக்கொடுத்தானாம்,
வெயில் படும் என்று.

இருபத்திரண்டு நாள்.

முந்நூறு கோடி எழுத்தில் ஓர் எழுத்து என்றார் டாக்டர்.
மருந்துச் சீட்டின் முதுகில் படம் போட்டார்.
கணையத்துச் செல்லில் ஒரு கதவு.
சர்க்கரை ஏறும்போது அது சாத்த வேண்டும்,
சாத்தினால்தான் இன்சுலின் வெளியே வரும்.
“உங்க பொண்ணுகிட்ட இன்சுலின் இருக்கு.
கதவுதான் சாத்தல.”

சிரித்துவிட்டேன்.
கதவுக்கா பஞ்சம் எங்கள் சீமையில்?
தெருத்தெருவாய் பர்மாத் தேக்கு, சாத்தியபடியே.
அந்தச் சீட்டிலேயே எழுதிக் காட்டினேன்:
தாழ்.
புள்ளி விழுந்துவிட்டால்
தாழ.
இவ்வளவுதானா டாக்டர்?
கிட்டத்தட்ட என்றார்.

“யார்கிட்டருந்து வந்துச்சு?”
சேவுகன் தரையைப் பார்த்துக் கேட்டான்.
யாரிடமிருந்தும் இல்லை.
உங்கள் இருவரிடமும் அந்த எழுத்து சரியாகவே இருக்கிறது.
இவளிடம்தான் தொடக்கம்,
படி எடுக்கையில் விழுந்தது.

படி எடுக்கையில் விழும். எனக்கா தெரியாது?
எத்தனை கவனமாய் அடித்தாலும் விழும்,
யாரையும் கேட்டுக்கொண்டு விழாது.
மாமனார் ரிப்போர்ட்டை வாங்கி
தலைகீழாகப் பிடித்தபடி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை புதிதே இல்லை.
செக்காலை ரோட்டு மருந்துக்கடையில்
வயதானவர்கள் பட்டை பட்டையாய் வாங்கிப் போவதுதான்.
துணுக்கைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து
ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் விட்டோம்.
பாதியைத் துப்பினாள். மறுபடி.
மாத்திரை ஏற ஏற ஊசி இறங்கியது.
ஆறாம் நாள் ஊசியே இல்லை.
கதவு சாத்திய சத்தம்
யாருக்கும் கேட்கவில்லை.
நர்ஸ் நூற்றுப் பதினெட்டு என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அடுத்த கட்டிலில் திருப்புவனத்துப் பையன், நாலு வயது.
நோய் வேறு. அவனுக்கும் பிழையைக் கண்டுபிடித்தாயிற்று.
எந்த வரி, எந்த எழுத்து, எல்லாம் தெரியும்.
மருந்து மட்டும் இன்னும் இல்லை.
முன்பு பெயரே இல்லாமல் இருந்ததாம்.
பெயர் வந்த அன்று அழுதாளாம், நிம்மதியில் என்று சொன்னாள்.

நாங்கள் பை கட்டும்போது
அவன் அம்மா ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தாள்.
“நீங்க பிழை பாக்குறவங்கதானே.”

உட்கார்ந்தேன்.
விரல் வைத்து
ஒவ்வொரு எழுத்தாய்ப் படித்தேன்.