சீலைக்கரை

சோளகம் எழும்ப இன்னும் பத்து நாளாவது கிடக்கு.
மாதகல் கடல் இன்று
படுத்திருக்கும் மாடு மாதிரி
மூச்சு மட்டும் விடுகிறது.

எட்மன் எஞ்சினை நிறுத்துகிறான்.
"ரெண்டு பாகம்தான் தண்ணி. இதுக்கோ சிலிண்டர்?"

இதற்குத்தான்.
ஒரு முருகைக்கல்லுக்கு முன்னால்
ஒரு மணித்தியாலம் அசையாமல் கிடக்க வேண்டும்,
வாசலில் கடன் கேட்க வந்தவள் போல.

கல்லின் நிழற்பக்கம்
காவி நிறத்தில் கடற்பஞ்சு படர்ந்திருக்கிறது.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகும் ஒன்றுமில்லை.
விளக்கைச் சரித்ததும்
ஒரு நெல்மணி நகர்கிறது.

நீலம். நீலத்துக்கு மஞ்சள் ஓரம்.
தலையில் இரண்டு செம்மஞ்சள் கொம்பு.
முதுகில், மூச்செடுக்கும் பூவை
விரித்தபடியே போகிறது.

எனக்கு வாய்த்திருப்பது
வெங்காயத் தோலளவு தெளிவு.
அதற்கு முன்னால் மங்கல், பின்னாலும் மங்கல்.
மூச்சை இழுத்தால் எழும்புகிறேன்,
விட்டால் தாழ்கிறேன்,
அலை என்னை ஒரு சாண் கொண்டுபோய்
அரைச் சாண் திருப்பித் தருகிறது.
கொம்பைப் பிடித்தால் பூ போகிறது,
பூவைப் பிடித்தால் கொம்பு.

கல்லைத் தொடக்கூடாது,
எனக்கு நானே போட்ட சட்டம்.
ஒரு விரல் ஊன்றினால் எல்லாம் நேராகிவிடும்.
ஊன்றவில்லை.
சரி, ஒருமுறை ஊன்றினேன்.
மட்டி கிழித்தது. வேணும் எனக்கு.

நாற்பத்தொரு படம்.
நாற்பதும் கடலின் கைநடுக்கம்.

மேலே வந்து திரையைக் காட்டுகிறேன்.
எட்மன் பன்னிரண்டு வருசம் அட்டைக்கு மூழ்கின ஆள்,
கடலடியில் கிடப்பதெல்லாம் அவனுக்கு எடை.
"கிலோ என்ன போகும்?"
"போகாது."
"தின்னலாமோ?"
"பஞ்சிலை இருக்கிற நஞ்சைத் தின்டு
தோலிலை சேர்த்து வைச்சிருக்கும்.
கிட்ட வராதை எண்டுதான் இந்த நிறம்."
இந்தக் கரையில் முன்பு நட்டிருந்த
சிவப்புப் பலகைகளை
இரண்டுபேரும் நினைத்திருக்கலாம். கதைக்கவில்லை.

"நத்தை எண்டியள், ஓடு எங்கை?"
"குஞ்சிலை இருந்தது. கழட்டிப் போட்டுது."
"ஓடுமில்லை, ஓடவுமில்லை" என்று
தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

அப்போதுதான் கடற்படைப் படகு வந்து
வள்ளத்தோடு உரசி நின்றது.
அட்டை இருக்கா என்று பையைக் கிளறினார்கள்.
ஈரத் துவாய். பிஸ்கற். இரண்டு பற்றரி.
ஒரு இளம் பெடியன் கமராவை வாங்கி
ஒவ்வொன்றாகத் தள்ளினான்,
மங்கல், மங்கல், மங்கல்,
பிறகு நாற்பத்தோராவது.
விரல் நின்றது.

"இது... எவ்வளவு பெரிசு?"
கையை அகட்டி ஒரு முழம் காட்டினான்.
நான் சின்னவிரல் நகத்தைக் காட்டினேன்,
அதிலும் பாதியை.

நம்பவில்லை.
தன் நகத்தைப் பார்த்தான்,
பிறகு எங்கள் வள்ளத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தான்,
யாரோ அங்கே இவ்வளவு நாளும்
பாஸ் எடுக்காமல் போய்வந்தது போல.

பெயர் கேட்டான்.
லத்தீனில் ஒன்று இருக்கிறது, என் நாக்குக்கு வராது.
தமிழில் என்னிடம் இல்லை.
எட்மன் எட்டி,
அந்த மஞ்சள் ஓரத்தின் மடிப்பைப் பார்த்து
"சீலைக்கரை" என்றான், கடைக்காரன் விலை சொல்வதுபோல.

பெடியன் அதை உள்ளங்கையில்
சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டான்.
உப்புத்தண்ணியில் எவ்வளவு நேரம் நிற்குமோ.

சிலிண்டரில் அரைவாசிக் காற்று மிச்சம்.
இறங்கினேன்.