கூட்டினால் தொண்ணூற்றைந்து

படிவம் திரும்பி வந்துவிட்டது.
ஓரத்தில் சிவப்பு மையில்,
"மேடம், கூட்டினால் தொண்ணூற்றைந்துதான் வருது."
கணக்குப் பிரிவு இர்ஃபானின் கையெழுத்து,
எறும்பு வரிசை மாதிரி.

ராணிப்பேட்டை சிப்காட், இரண்டாம் ஷிப்ட்,
வெட்டுப் பகுதி மேற்பார்வை, ப. சுகிர்தா.
ஓய்வுக்கு நாலு வருஷம் இரண்டு மாதம்.
கம்பெனி சேர்த்துவைத்த பணத்தை
எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் என்று
இனி நானே எழுத வேண்டுமாம்.

எனக்குத் தோல் தெரியும்.
கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தால் போதும்:
முதுகு நிற்கும், வயிறு இழுபடும்.
ஷூவின் முன்பாகத்தை முதுகில் வெட்டுவோம்.
கயிற்றுக்கு அடியில் ஒளியும் நாக்குக்கு
வயிறே தாராளம்.
முழுக்க முதுகாகவே பிறந்த மாடு
இதுவரை எந்த லாரியிலும் வந்து இறங்கவில்லை.

நிலைமதிப்பு நிதி என்பது முதுகு.
இர்ஃபான் சொன்னதில் எனக்குப் புரிந்தவரை
உள்ளே இருப்பவையும் கடன் பத்திரங்கள்தான்,
அவையும் ஏறும், இறங்கும்.
ஒரு காப்பீட்டுக் கம்பெனி குறுக்கே நின்று
அடியைத் தான் வாங்கிக்கொண்டு
ஏட்டில் நம் தொகையை அப்படியே காட்டும்.
சும்மா இல்லை, அதற்கும் கூலி.
நினைத்த நாளில் வேறு கட்டத்துக்குத் தாவவும் விடாது.
"அந்தக் கம்பெனியே விழுந்தா?"
இர்ஃபான் பேனா மூடியைக் கடித்தான்.

ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
தண்ணீர் இல்லாத ஆறு என்று
வேலூரைக் கேலி செய்வார்களே,
ஆட்டம் இல்லாத நிதியையும்
அதில் சேர்த்துக்கொள்ளலாம்.
ஆனால் ஆற்காட்டுப் பாலத்தில் பஸ் போகும்போது
மணலை மட்டும் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது,
எங்கள் தெரு குடித்தது அந்த மணலுக்கு அடியில் இருந்ததைத்தான்,
எங்கள் தொழிலின் உப்பு அதில் இறங்கும்வரை.

பேக்கிங் மாசிலாமணி நூற்றையும் பங்கில் போட்டவர்.
ஒரு தீபாவளிக்கு
லாபம் என்று கேன்டீன் முழுக்க மக்கன்பேடா.
அடுத்த மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை
டிபன் பாக்ஸைத் திறந்தார், போனைப் பார்த்தார்,
மூடிவிட்டார்.
நான் ஜெயித்துவிட்டதாகத் தோன்றவில்லை.
அந்த மக்கன்பேடாவில் இரண்டு தின்றவள் நான்.

என் கட்டத்துக்கு வட்டி ஏழேகால்.
வீட்டு வாடகை அதைவிட வேகமாக நடக்கிறது,
மாத்திரைச் சீட்டு ஓடுகிறது.
நிற்கிற தோலும் காயும்.
எண்ணெய் காட்டாமல் வைத்தால்
மடிப்பில் வெடிக்கும்.

அதனால்தான் நிலைக்கு அறுபது,
பங்குக்கு முப்பத்தைந்து.
மிச்சம் ஐந்தை எங்கே விட்டேன்?

மதியம் கழுவும்போது கையைப் பார்த்ததும் விளங்கியது.
இருபத்தாறு வருஷமாக
எந்த ஆர்டரிலும் வெட்டுக்கு முன்பே
சேதாரம் ஐந்து என்று
ஒதுக்கி எழுதிப் பழகிய கை.

"சேதாரத்துக்குக் கட்டம் இல்ல மேடம்" என்றான் இர்ஃபான்.
இருக்காது.
பேனாவை வாங்கி
முப்பத்தைந்தை அடித்து நாற்பது என்று எழுதினேன்.
போனால் போகட்டும் என்று இல்லை,
போகும் என்று முன்பே எழுதிவைத்தது அது.

அவன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தான்.