பதினேழாம் இலக்கம்

கல்முனை, பிரதான வீதி, ஸ்கேன் சென்ரர் மேல்மாடி.
டொக்டரின் மனைவி நுவரெலியாவிலிருந்து
மடியில் வைத்துக் கொண்டுவந்த பன்னம்.
நான் டோக்கன் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.
மூன்றாம் கிழமையே
நுனி கருகத் தொடங்கிற்று.

தண்ணி காணாது என்று நினைத்து ஊற்றினேன்.
நுனி அப்படியே இருக்க
அடியிலை மஞ்சளாய்ப் போனது.
கூடிப்போச்சு என்றா கூட்ட வரும் கமலேஸ்வரியக்கா.
நிறுத்தினேன். மறுகா
தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது
வெங்காயச் சருகு மாதிரி.

வெளியே கச்சான் அடிக்கிற மாசம்.
உள்ளே ஏசி, அதன் வாய் நேரே செடியின் தலையில்.
இதை நான் காண
ஒரு மாதமும் ஒரு தடிமனும் ஆனது;
என் கதிரையும் அந்த வாயின் கீழேதான்.
பக்கத்துக் கடைச்சுவர் வெயிலை மறிக்கிற
யன்னலடிக்குச் சட்டியை இழுத்தேன்.

பிறகு தண்ணீர்.
எங்கள் குழாய்க்கிணறு பாதி கடலுக்குச் சொந்தம்.
கேத்தலின் அடியில் படிகிற வெள்ளை
சட்டியின் விளிம்பிலும் படிந்திருந்தது.
ஏசி திருத்த வந்த றினோஸ்
பின்சுவரில் சொட்டும் குழாயைக் காட்டினான்:
"இதுல உப்பில்ல. இத ஊத்துங்க."
கருக்கினவனிடமே வாளி ஏந்தினேன்.
விரலை முதற்கணு வரை மண்ணில் விட்டு
ஈரம் பார்த்துத்தான் இப்போது ஊற்றுகிறேன்.

ஆவணியில் மயிர் படர்ந்த நாலு சுருள் எழும்பின.
பழைய இலைகளின் அடியில்
கபிலப் புள்ளிகள்.
செதிற்பூச்சி! விடுவேனா,
சவர்க்காரத் தண்ணியும் பழைய பல் பிரஷுமாய்க்
குந்தியிருந்து சுரண்டினேன்.

பதினேழாம் இலக்கம், மருதமுனை மிஸ்றியா டீச்சர்,
நாலாம் தரம் வருகிறவ,
எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தா.
"பூச்சியெண்டா கண்டபடி ஒட்டும் புள்ள,
தண்டிலயும் ஒட்டும், பிசுபிசுக்கும்.
இதப் பாருங்க, ரெண்டு ஓரமும் சமனா,
ஆரோ எண்ணி வச்ச மாதிரி.
இது வித்தி.
இதுக்கு இதுதான் பிள்ளைப்பேறு."

சொல்லிவிட்டுச் சிரித்தா.
கதிரைகளில் வேறு யாரும் சிரிக்கவில்லை.
நான் பதினொரு இலை சுரண்டியிருந்தேன்.

உள்ளே இலக்கம் கூப்பிட்டார்கள்.
கைப்பையை என் மேசையிலேயே விட்டுப் போனா.
பிரஷைக் கழுவினேன்.
மிஞ்சின ஆறு இலையும் சுவரைப் பார்க்கச்
சட்டியைத் திருப்பினேன்,
இனி என் கை எட்டாமல்.

திரையில் என்ன தெரிந்ததென்று
டோக்கன் கொடுக்கிறவளுக்கு எவரும் சொல்வதில்லை.
இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது.
பையை எடுத்தா. முந்தானையைத் தலைக்கு இழுத்தா.
வாளியைக் குனிந்து பார்த்தா.

"ஏசித் தண்ணியா ஊத்துறீங்க?
நல்லம்."