மீட்டர் இருக்கும் சந்து

இருபத்திரண்டு வருஷத்தில்
ஓத்தேல் பெர்னாதேத்துக்குள் நான் போன தூரம்
பக்கத்துச் சந்திலிருந்து பதினோரு அடி.
குப்பைத் தொட்டி, காஸ் சிலிண்டர்,
சுவரில் சாம்பல் நிறப் பெட்டி.
டார்ச் அடித்து எண்ணைப் படிப்பேன்,
அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்:
அ. அமலோற்பவம், மின்துறை.

உள்ளே தங்குகிறவர்களை
யூனிட் கணக்கில்தான் எனக்குத் தெரியும்.
டிசம்பரில் வெள்ளைக்காரர்கள் வந்தால் இவ்வளவு,
மே மாதம் சென்னைக்காரர்கள் வந்தால்
அதைப்போல ஒன்றரை மடங்கு.
தானே புயலுக்குப் பிறகு மட்டும்
எண் அசையவே இல்லை.
யாரோ படுத்த படுக்கையாகிவிட்டதுபோல்
சந்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பணிக்கொடை வந்த வாரம் போன் போட்டேன்.
ஓரிரவு. பதினாலாயிரத்து ஐந்நூறு, வரி தனி.
எத்தனை பேர் என்றார்கள்.
ஒருத்தி.
மறுமுனையில் சின்னதாக ஒரு இடைவெளி,
பிறகு, 'நல்லது மதாம்.'

முன்வாசலில் நுழைகையில்
துய்மா வீதியே என்னைப் பார்ப்பதாக நினைத்தேன்.
பார்த்தது ஒரு நாய்.

பித்தளைச் சாவி உள்ளங்கையில் கனத்தது.
அந்தக் கனத்துக்கே பாதிப் பணம் தரலாம்.
கூரை அவ்வளவு உயரம்,
பெருமூச்சு விட்டால் திரும்பி வர நேரமாகும்.
கட்டிலில் ஏழு தலையணை.
எதற்கும் மனத்தாங்கல் வேண்டாமென்று
ஏழிலும் ஒருதரம் தலைவைத்துப் பார்த்தேன்.

அப்புறம் சுவிட்சுகள்.
பதினேழு.
முத்தியால்பேட்டை வீட்டில்
அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம்
விரல் தானாகச் சுவரைத் தேடும்.
அன்றைக்கு விரலை அடக்கிவைத்தேன்.
பதினேழும் எரிய,
படுக்கையறை ஏசியின் குளிர் குளியலறை வரை வர,
பீங்கான் தொட்டியில் மோவாய் முட்ட வெந்நீரில் கிடந்தேன்.
இரண்டு தெரு தள்ளிக் கடல்.
கேட்கவில்லை.
கேட்க வேண்டுமென்றும் தோன்றவில்லை.

காலையில் வெள்ளை அங்கியோடு,
கையில் காபிக் கோப்பையோடு,
முற்றத்து ஓரக் கதவு ஒன்றைத் திறந்தால்
அதே சந்து.
டார்ச்சும் அட்டையுமாகப் புதுப் பையன்.
'மேடம், கொஞ்சம் தள்ளிக்கங்க.'
தள்ளிக்கொண்டேன்.

கடைசி இலக்கத்தின் மேலே
கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு.
ஒன்றை ஏழாகக் காட்டும்.
தலையை இடப்பக்கம் சாய்த்துப் படிக்க வேண்டும்,
அது எனக்குத்தான் தெரியும்.
பையன் நேராக நின்றான்.
ஏழு என்று எழுதினான்.

வாய்வரை வந்தது.
அங்கியின் முடிச்சை இழுத்துக் கட்டினேன்.
ஆறு யூனிட்தானே,
அடுத்த மாதம் தன்னால் சரியாகிவிடும்.
அதுவரை
இந்த ஓத்தேலின் கணக்கில்
என் பங்காக இருந்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே போய் இன்னொரு காபி கேட்டேன்.
பதினோரு மணிவரை அறை என்னுடையது.